திருப்பிக் கை தட்டும் வீடு

பெப்ரவரி 20, செவ்வாய்

காலையில் ஹோலின் நடுவே நின்று ஒருமுறை கை தட்டினேன். சுவர் திருப்பித் தட்டியது. இன்னொரு முறை தட்டினேன். மறுபடியும் தட்டியது. நல்ல மரியாதை தெரிந்த சுவர்.

இந்த மாடி வீட்டுக்கு வந்து இரண்டு கிழமையாகிறது. யன்னலைத் திறந்தால் வாவி, மூடினால் வெள்ளைச் சுவர். தரை முழுக்க டைல்ஸ். இரண்டு கதிரை, ஒரு மேசை, ஒரு கட்டில். மற்றதெல்லாம் மூலையில் கயிறு கட்டிய பெட்டிகளாக அப்படியே அடுக்கியிருக்கிறது. மனைவி மங்கை ஒன்றைக்கூட அவிழ்க்கவில்லை. அவிழ்க்க ஆளிருந்தால்தானே? விடிந்ததும் வந்தாறுமூலை பஸ் ஏறுகிறாள், விளக்கு வைக்கிற நேரம் திரும்பி வருகிறாள். “வீட்டப் பாத்திட்டு வாறன்” என்று சொல்லித்தான் தினமும் போகிறாள்.

அந்த வீடு இப்போது எங்களுடையது அல்ல. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகும். மங்கையின் தாய், என் மாமி, அவளுக்குக் கொடுத்தார். மங்கை தை மாதக் கலியாணத்தோடு மகள் தக்ஷாயினிக்குக் கொடுத்தாள். கொடுத்த பிறகு தாய் தகப்பன் பின்வளவில் ஒரு சின்ன வீடு போட்டு ஒதுங்குவதுதான் வழக்கம். மங்கைதான் ஒத்துக்கொள்ளவில்லை. “குடுத்தா குடுத்ததுதான். பின்வளவில குந்திக்கொண்டு அவங்கட அடுப்பப் பாத்துக்கொண்டிரிக்க என்னால ஒண்ணா” என்று நிமிர்ந்து நின்று சொன்னாள். எனக்கே பெருமையாக இருந்தது. இப்போது பின்வளவுக்குப் பதிலாக பஸ்ஸில் போய்ப் பார்க்கிறாள்.

எனக்கு இந்த மாற்றம் பெரிதாகத் தெரியவில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் மனைவி வீட்டில் இருந்தவன். ஒரு ஆணி அடிப்பதென்றாலும் கேட்டுத்தான் அடிப்பேன். யாரும் கேட்கச் சொன்னதில்லை, ஆனால் எங்கள் ஆம்பிளைகள் யாரும் கேட்காமல் அடித்ததுமில்லை. சொந்த வீடில்லாமல் இருப்பதற்கு எனக்கு முப்பது வருடப் பயிற்சி. மங்கைக்கு இரண்டு கிழமைதான்.

ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறேன். இந்த ஹோலில் ஒரு நல்ல ஸ்டீரியோ செட் போடப் போகிறேன். அந்த வீட்டில் நான் சத்தமாக ஒன்றும் கேட்டதில்லை. முதலில் மாமியின் பூசை, பிறகு மகளின் பள்ளிச் சோதனை. முருங்கை மரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டுச் சின்ன ரேடியோவைக் காதோடு வைத்துக் கேட்டே காலம் போய்விட்டது. இனிப் போட்டால்தான் உண்டு.

பெப்ரவரி 22, வியாழன்

வாங்கப் போகும் செட்டின் அம்ப், அதாவது அம்ப்ளிபயர், வைக்க ஒரு தட்டுப்பலகை அடிக்க வேண்டும். பழக்கதோஷம், “மங்கை, இந்தச் சுவரில ஆணி அடிக்கட்டா?” என்று கேட்டுவிட்டேன்.

“என்னட்ட ஏன் கேக்கிறீங்க? இது என்ட வீடா?”

வீட்டுக்காரர் பாஹிமுக்குப் போன் எடுத்தேன். ஓட்டமாவடியில் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். “அடிங்க ஸேர், போகக்குள்ள ஓட்டைய அடைச்சித் தந்தாச் சரி” என்றார். ஆனாலும் அடிக்கவில்லை. மங்கை சொன்ன விதம் மனதில் நின்றது. அம்பை மேசையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

பெப்ரவரி 25, ஞாயிறு

ஏறாவூர் றிப்ஷானிடம் போய்வந்தேன். கட்டாரில் ஹோட்டல்களுக்கு ஒலி அமைப்புச் செய்தவன். இப்போது பாவித்த செட்டுகளை இறக்கி விற்கிறான். வீட்டின் முன்னறை முழுக்க ஸ்பீக்கர்கள், நடக்க இடமில்லை.

“மாடி வீடா ஸேர்? அப்ப சின்ன சோடி ஒண்ட எடுங்க” என்றான்.

என் கண் இடுப்பளவு உயரத்தில் நின்ற கறுப்புச் சோடியை விட்டு நகரவில்லை. ஆசை வெட்கமறியாது. அதையே எடுத்தேன், கூட ஒரு அம்பும். ஓட்டோவில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். படியில் ஏற்றும்போது கீழ் வீட்டு நுஸ்ரா கதவைத் திறந்து பார்த்தாள். ஆஸ்பத்திரியில் தாதி. தூங்கி எழுந்த முகத்தோடு வந்து கீழ்ப்பக்கத்தைப் பிடித்துத் தந்தாள். “என்ன அங்கிள், பிரிட்ஜா?” என்று கேட்டாள். ஸ்பீக்கர் என்று சொன்னதும் முகம் கொஞ்சம் மாறியது. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

பெப்ரவரி 26, திங்கள்

மங்கை பஸ் ஏறிய பிறகு செட்டைப் போட்டேன். வயலின், கூட மிருதங்கம். முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். வில் நரம்பில் உரசுகிற சத்தம் தனியாகக் கேட்டது. இத்தனை வருடம் கேட்ட அதே கச்சேரிதான். கண் கலங்கிவிட்டது. அறுபது வயதில் வயலினுக்கு அழுகிறவன் என்று யாரும் சொல்லட்டும், எனக்கென்ன.

பத்து நிமிடம்தான். கதவில் தட்டும் சத்தம். நுஸ்ரா.

“அங்கிள், குறை நினைக்காதீங்க. எனக்குப் பாட்டுக் கேக்கல்ல, மேளம் மட்டும்தான் கேக்குது. கட்டில் நடுங்குது. நைட் டியூட்டி முடிச்சி வந்து இப்பதான் படுத்தன்.”

வெட்கமாகப் போய்விட்டது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஆயுள் முழுக்க அணைக்கட்டில் கசிவு பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். மெல்லிய சத்தம் சுவரோடு நின்றுவிடும், கனத்த சத்தம் தண்ணீரைப் போலக் கீழே இறங்கிவிடும் என்று எனக்கு முதலே தோன்றியிருக்க வேண்டாமா?

மாலையில் மங்கையிடம் சொன்னேன். சிரித்தாள். இங்கு வந்த பிறகு சிரித்தது இதுதான் முதல் தடவை. “சும்மா கிடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி” என்றாள்.

பெப்ரவரி 29, வியாழன்

பெரிய சோடியைக் கொடுத்துச் சின்ன சோடியை எடுத்து வந்தேன். இரண்டு சாண் உயரம், ஒரு கையில் தூக்கலாம். றிப்ஷான் சிரித்துக்கொண்டே சொன்னான்: “மாடி வீட்டில சத்தத்தக் கூட்ட ஏலா ஸேர். நாமதான் கிட்டப் போய் இரிக்கணும்.”

ஸ்பீக்கர் தாங்கிக்குச் சீமெந்துக் கல். கல்லுக்குக் கீழே தும்புப்பாய், அதற்கும் கல்லுக்கும் இடையில் பழைய மோட்டர்சைக்கிள் ரியூப்பை வெட்டிய துண்டுகள். மூலையை விட்டு ஒரு கை நீளம் வெளியே இழுத்து வைத்தேன். மூலையில் வைத்தால் சத்தம் தேங்கி நிற்கிறது. கதிரையையும் இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒரேயொரு இடத்தில்தான் எல்லாம் சரியாக வருகிறது. அங்கே சோக்கட்டியால் அடையாளம் போட்டேன்.

ஆனால் ஏதோ ஒன்று சரியில்லை. பாடுகிறவரின் குரல் பரந்து கிடந்தது. அம்பைத் திருகினேன், வயரை ஆட்டினேன், பிடிபடவில்லை. மாலை மங்கை உள்ளே வந்தாள். பையைத் தோளில் இருந்து இறக்காமலே நின்று கேட்டாள்.

“இவர் எங்க நிண்டு பாடுறார்? ஹோலிலயும் இல்ல, குசினியிலயும் இல்ல.”

பின்னால் போய்ப் பார்த்தேன். ஒரு ஸ்பீக்கருக்குக் கறுப்பு வயரும் சிவப்பு வயரும் மாறிப் போயிருந்தன. மாற்றிப் போட்டதும் மனிதர் நேர் நடுவில் வந்து நின்றார். மங்கை அந்தப் பாட்டு முடியும்வரை நின்றாள். “கதிரையில குந்து, அதில இருந்தாத்தான் நல்லாக் கேக்கும்” என்றேன்.

“ஒரு கதிரைக்கு இவ்வளவு ஆரவாரமா?” என்றுவிட்டுப் பையோடு உள்ளே போனாள். விருந்துக்கு வந்த வீட்டில் நிற்கிற ஆளைப் போலத்தான் இன்னும் நிற்கிறாள்.

மார்ச் 3, ஞாயிறு

தக்ஷாயினி போன் எடுத்தாள். “தனியவா அப்பா நிக்கீங்க?” என்று கேட்டபோதே ஏதோ இருக்கிறதென்று தெரிந்தது.

“அம்மாட்ட நீங்கதான் சொல்லணும் அப்பா. ஒவ்வொரு நாளும் வர வேணாமெண்டு. கிழமைக்கு ஒருக்கா வரட்டும், எனக்கு ஆசைதான். ஆனா தினமும் வந்து வளவு கூட்டுறா, குசினியில சீனி, தூள் போட்ட பேணி எல்லாத்தயும் இடம் மாத்துறா. நேத்து அவர்ட அம்மா வந்தவ. தேத்தண்ணி போடப் போறன், சீனி எங்க எண்டு தெரியா. என்ட குசினியில நிண்டு அம்மாட்ட ‘சீனி எங்க’ எண்டு கேக்கன். மாமி பாத்துக்கொண்டு நிண்டவ.”

“நீயே சொல்லன் மகள்?”

“நான் சொன்னா அழுவா. நீங்க சொன்னா ஏசுவா. ஏசினாப் பரவால்லதானே?”

கெட்டிக்காரி. தாயைப் போலவே.

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்வது? அந்த வளவில் அவள் பிறந்தாள், அங்கேயே வயதுக்கு வந்தாள், மகளையும் அங்கேயே பெற்றாள். ஒரு நாளும் வேறு கூரைக்குக் கீழே நிலையாகப் படுத்ததில்லை. அந்த மனுசியிடம் போய் ‘இனி வராதே என்று உன் மகள் சொல்கிறாள்’ என்றா சொல்வது? மங்கை வீட்டைக் கொடுத்துவிட்டாள், ஆனால் எங்கே போய் இருப்பது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. இங்கே அவள் இல்லை. அங்கேயும் இனி இடமில்லை என்றால் என்ன செய்வாள்? எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 4, திங்கள்

சொல்லவில்லை. ஸ்பீக்கர் வயருக்கு நல்ல முனைகள் வாங்கிப் பூட்டினேன்.

மார்ச் 6, புதன்

சொல்லவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா? சாப்பிடும்போது ஆரம்பித்தேன். “மங்கை...” என்றேன். “என்ன?” என்றாள். “கறி நல்லாயிரிக்கு” என்றேன். அது நேற்றையக் கறி.

மார்ச் 9, சனி

செட்டில் இனிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் ஹோலில்தான். எந்தச் சத்தம் வைத்தாலும் சுவரில் பட்டுத் திரும்பி வந்து மற்றதோடு இடிக்கிறது. றிப்ஷானுக்குப் போன் எடுத்துக் கை தட்டிக் காட்டினேன். “ஹோல் வெறுமையா இரிக்கி ஸேர். சீலை, பாய், மெத்தை, பொத்தகம் எண்டு வீட்டுச் சாமான் நிறைஞ்சாத்தான் சத்தம் அடங்கும். செட்டுக்கு ஒண்டும் இல்ல, குடியிருங்க முதல்ல” என்றான்.

மாலையில் மங்கையிடம் பேச்சை மெதுவாக எடுத்தேன்.

“அந்தப் பெட்டிகளை அவிழ்த்தா என்ன? உன்ட சீலை, மெத்தை எல்லாம் உள்ளுக்குத்தானே இரிக்கு.”

“அவிழ்த்து எங்க வைக்கிற?”

“இஞ்சதான்.”

“இஞ்ச எங்க?” என்று சுற்றிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எனக்கும் ஒரு இடம் தெரியவில்லை.

கீழே நுஸ்ராவுக்கு வரும் கிழமை நோன்பு தொடங்குகிறது. பகலில் இன்னும் குறைத்துத்தான் கேட்க வேண்டும்.

மார்ச் 13, புதன்

இன்று மங்கை கல்குடாவில் ஒரு செத்த வீட்டு முப்பத்தோராம் நாளுக்குப் போனாள். நான் வந்தாறுமூலைக்குப் போனேன், இன்னும் சொல்லவில்லை என்று மகளிடம் நேரில் போய்ச் சொல்வதற்கு. கோழை என்று நினைத்திருப்பாள், ஆனாலும் தேத்தண்ணி தந்தாள்.

போன இடத்தில் ஒரு அதிர்ஷ்டம். மகள் யன்னல்களுக்குப் புதுச் சீலை போட்டிருக்கிறாள். பழைய தடித்த பச்சைத் திரைச்சீலை எல்லாம் சாமான் அறையில் சுருண்டு கிடக்கிறது, கூட ஹோலில் கிடந்த கார்ப்பெட்டும். நான் பார்த்த பார்வையை மருமகன் நிதுர்ஷன் கண்டுவிட்டார். “மாமா, இது சும்மாதான் கிடக்கு. உங்கட செட்டுக்கு உதவும், கொண்டு போங்க” என்று தானே கட்டி, மோட்டர்சைக்கிளில் கொண்டுவந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். தங்கமான பிள்ளை.

வந்து கார்ப்பெட்டை விரித்தேன். சீலைகளை யன்னல் கம்பியில் கயிறு போட்டுத் தொங்கவிட்டேன். கை தட்டினேன். சுவர் பாதி மரியாதைதான் காட்டியது. வயலின் போட்டேன். வில் இழுபடுவது, விரல் நகர்வது, அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. சத்தம் குறைவுதான், ஆனால் ஒன்றும் குறையவில்லை.

மங்கை வரட்டும். இன்று கதிரையில் இருத்தாமல் விடுவதில்லை.

மார்ச் 14, வியாழன்

நேற்று மங்கை வருமுன் எழுதியதைப் படித்தேன். அதிர்ஷ்டமாம்.

வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. யன்னலைப் பார்த்தபடி நின்றாள்.

“இது எங்கால வந்த?”

சொன்னேன். சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன், மடையன்.

“குடுத்த வீட்டில இருந்து ஒரு துரும்பும் திருப்பி எடுக்கப்படாது எண்டு உங்களுக்குத் தெரியாதா? கை நிறையக் குடுத்திட்டு ஒண்டொண்டா உருவுறாங்க எண்டுதானே மருமகன்ட தாய் நினைப்பா?”

“மருமகன்தான் கட்டித் தந்தவர்.”

“அவர் தருவார். மரியாதை தெரிஞ்ச பிள்ளை, தராம என்ன செய்வார்? நீங்க எடுப்பீங்களா? என்ட தாய் தந்த வீடு. நான் ஒரு மனசோட குடுத்தது. அத இப்பிடிக் கேவலமாக்கிப்போட்டீங்களே!”

எனக்கும் வந்துவிட்டது. பத்து நாளாகத் தொண்டையில் நின்றது வேறு பாதையில் வந்துவிட்டது. “நான் ஒரு நாள்தான் எடுத்தன், அதுவும் பழைய சீலை. நீ அந்த வீட்டையே ஒவ்வொரு நாளும் திருப்பி எடுத்துக்கொண்டுதானே வாறாய்! குடுத்த வளவ தினமும் போய்க் கூட்டுறாய். குடுத்த குசினியில பேணிய மாத்தி வைக்கிறாய். அது மட்டும் குடுத்த மாதிரியா?”

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு ஹோல் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. கார்ப்பெட்டும் சீலையும் வேலை செய்தன. அந்த நேரத்திலும் என் காது அதைக் கவனித்ததை நினைக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மங்கை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு கேட்டாள், “மகள் சொன்னவளா?”

“இல்ல” என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் பொய் சொல்ல வராதென்று அவளுக்குத் தெரியும். உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். சோறு அப்படியே கிடந்தது. நான் கத்திச் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய குரல் அதுவா? மடியில் தலையை வைத்துச் சொல்ல வேண்டியதைக் கல்லைப் போல எறிந்துவிட்டேனே.

மார்ச் 15, வெள்ளி

இன்றும் பஸ்ஸுக்குப் போகவில்லை. தேத்தண்ணி போட்டுத் தந்தாள். நானும் செட்டைத் தொடவில்லை.

மார்ச் 16, சனி

“கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்க.” இரண்டு நாளில் பேசிய ஒரே வார்த்தை. சீலைகளை அவளே மடித்து, கார்ப்பெட்டைச் சுருட்டி, கயிறு போட்டு வைத்திருந்தாள்.

கொண்டுபோனேன். மருமகனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. “எங்கட ஹோலுக்கு நீளம் கூடிப்போச்சு” என்றேன். புரிந்துகொண்டார் போல, ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்தார்.

தக்ஷாயினி பின்னாலேயே வந்தாள். “அம்மா ஏன் மூண்டு நாளா வரல்ல? சுகமில்லயா?”

“நீதானே மகள் சொன்னாய்?”

“தினமும் வர வேணாமெண்டுதான் அப்பா சொன்னன். வரவே வேணாமெண்டா சொன்னன்?” கண் நிறைந்துவிட்டது. கலியாணம் முடித்தும் குழந்தைதான். தலையைத் தடவிவிட்டு வந்தேன். சீனிப் பேணி அடுப்புக்குப் பக்கத்தில், அவள் வைத்த இடத்தில் இருந்தது.

ஹோல் மறுபடியும் வெறுமை. இருமினால்கூடத் திருப்பி இருமுகிறது.

மார்ச் 19, செவ்வாய்

கண் கிளினிக்குக்குப் போய் வந்தேன். மருந்து விட்ட கண்ணோடு கதவைத் திறந்தால் ஹோல் முழுக்க ஏதோ நிறம் நிறமாகத் தெரிந்தது. பூ விழுந்த கண்ணுக்கு எல்லாம் அப்படித்தான் என்று நினைத்தேன். கிட்டப் போனால் அவள் உடுத்தும் சீலைகள். மங்கை தரையில் இருந்து பெட்டிக் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“கத்தி இரிக்கே” என்றேன்.

“கத்தியும் இந்தப் பெட்டிக்குள்ளதான் இரிக்கு.”

நானும் பக்கத்தில் குந்தினேன். குத்துவிளக்கு வந்தது. அரிவாள்மணை, தேங்காய்த் திருவலை, தலையணைகள், தக்ஷாயினியின் சின்ன வயதுச் சட்டை ஒன்று. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பேசினாள். என்னைப் பார்த்துப் பேசவில்லை.

“நான் அங்க போய் நிண்டா அது என்ட வீடு மாதிரி இரிக்கும். போகாட்டி அது மகள்ட வீடு. எனக்குத் தெரியாமலா? தெரிஞ்சுதான் போனனான். இவ்வளவு நாளும் நான் இஞ்சயும் இரிக்கல்ல, அங்கயும் இரிக்கல்ல. பஸ்ஸிலதான் இருந்தன்.”

“நான் அப்பிடிக் கத்தியிருக்கப்படாது மங்கை.”

“ஓம், கத்தியிருக்கப்படாதுதான்” என்றாள். சட்டையை மடித்தபடி, “ஆனா ஆரும் ஒராள் சொல்லத்தானே வேணும்” என்றாள்.

செட்டை மெதுவாகப் போட்டேன். அவள் மடிப்பதும் அடுக்குவதுமாக இருந்தாள். ஒரு பாட்டு முடிந்ததும், “அதத் திருப்பி வைங்க” என்றாள். திருப்பி வைத்தேன். மூன்று தரம்.

மார்ச் 24, ஞாயிறு

இரண்டு பேருமாக யன்னலுக்குச் சீலை வாங்கப் போனோம். மருதமுனைக் கைத்தறி, நல்ல தடிப்பு. நான் சத்தம் அடங்கத் தடிப்பைப் பார்த்தேன், அவள் நிறத்தைப் பார்த்தாள். கடைக்காரர் அவள் சொன்னதையே வெட்டினார். கடுகு மஞ்சள். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேட்கத்தானே போகிறேன், பார்க்கவா போகிறேன்?

மாலையில் நுஸ்ரா நோன்புக் கஞ்சி கொண்டுவந்தாள். வாசலில் நின்றபடியே மங்கையிடம் சொன்னாள்: “அன்ரி, இப்பதான் மேல ஆக்கள் இரிக்கிற சத்தம் கேக்குது. தேங்கா துருவுறது, பேணி மூடுறது எல்லாம்.”

மங்கை பதறிப்போனாள். “ஐயோ, நித்திரைக்குக் கரைச்சலா புள்ள?”

“இல்ல அன்ரி. ஒரு மாசமா மேல வீடு வெறுமையா இரிக்கிற மாதிரித்தான் இருந்திச்சி. அங்கிள் கை தட்டுறது மட்டும் கேக்கும். தனிய நிண்டு கை தட்டுறார், என்னவோ எண்டு எனக்குப் பயம்.”

மங்கை கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இந்தக் கட்டடத்தின் நாலு மாடிக்கும் கேட்டிருக்கும்.

மார்ச் 30, சனி

சீலைக் கம்பி பூட்ட வேண்டும். சுத்தியலை எடுத்துக்கொண்டு நின்றேன். வாய் வரைக்கும் வந்த கேள்வியை விழுங்கினேன். போன முறை கேட்டுப் பட்டது போதும்.

மங்கை கதிரையில் ஏறி நின்று பென்சிலால் சுவரில் புள்ளி போட்டாள். “இதில அடிங்க. அந்தப் பக்கமும் இதே உயரம். கோணலா அடிச்சுப்போடாதீங்க.”

அடித்தேன். ஒன்று கோணல்தான். இறங்கி நின்று பார்த்தாள், விட்டுவிட்டாள். பிறகு, ஆணிப் பெட்டியை நான் மூடுவதற்குள், “அந்தத் தட்டுப்பலகையையும் அடிச்சு முடிங்க. எத்தனை நாளைக்கு மேசையில வச்சிரிக்கிற? எனக்கு மேசை வேணும்” என்றாள்.

எல்லாம் முடிய அவள் ஹோலின் நடுவில் நின்று தானே கை தட்டினாள். காதைச் சாய்த்துக் கேட்டாள். சுவரோரம் விரித்த மெத்தை, மூலையில் அடுக்கிய தலையணைகள், கடுகு மஞ்சள் சீலை, தரையில் புற்பாய். சுவர் ஒன்றும் சொல்லவில்லை.

“செத்துப்போச்சு” என்றாள்.

“அதுதான் வேணும்” என்றேன்.

“இதுக்கா இவ்வளவு பாடு?” என்று சொல்லிவிட்டு, சோக்கட்டி அடையாளத்துக்கு நேரே கதிரையைத் தானே இழுத்துப் போட்டு இருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். என் இடத்தில் ஒரு காதுக்குச் சத்தம் கொஞ்சம் கூட. பரவாயில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

மங்கை வந்தாறுமூலைக்குப் போனாள், நாலு கிழமைக்குப் பிறகு. மத்தியானமே திரும்பி வந்துவிட்டாள். “கூட்டினாயா?” என்று கேட்டேன். “வளவு குப்பையாத்தான் கிடக்கு. அத அவ பாத்துக்கொள்ளுவா” என்றாள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப்பிறப்பு. மகளும் மருமகனும் வந்தார்கள். கைவிசேடப் பணம் கொடுத்தேன். நிதுர்ஷன் நேரே செட்டுக்கு முன்னால் போய்விட்டார். கல்லுக்குக் கீழே ரியூப் ஏன், வயர் ஏன் இப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மேளம் தொடங்கியதும் கீழே நுஸ்ராவுக்குக் கேட்குமா என்று குனிந்து தரையில் காதை வைத்துக்கூடப் பார்த்தார். அருமையான மருமகன் என்று சொன்னேனா, இன்னொரு முறை சொல்கிறேன்.

மங்கை அவளுடைய கதிரையில் இருந்தாள். இப்போது அது அவளுடைய கதிரைதான், நான் கேட்டால்தான் தருகிறாள்.

தக்ஷாயினி தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போனாள். பேணிகளைத் திறந்து மூடும் சத்தம். இன்னொன்று. இன்னொன்று.

“அம்மா, சீனி எங்க வச்சிரிக்கீங்க?”

நான் மங்கையைப் பார்த்தேன். அவள் உடனே எழும்பவில்லை. அந்தக் கேள்வியைக் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழும்பிச் சீலையை உதறிச் செருகிக்கொண்டு போனாள்.

“நீ போய்க் குந்து மகள். உனக்கு இஞ்ச ஒண்டும் பிடிபடாது.”

மகள் வெளியே வந்து, தாயின் கதிரையில் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண் மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது. நான் அம்புக்குப் பக்கத்தில் ஏதோ வேலை இருப்பதுபோலக் குனிந்துகொண்டேன். குசினிக்குள் பேணி மூடி திறபட்டது, கோப்பைகள் வரிசையாக வைபட்டன, கரண்டி ஒவ்வொன்றாகக் கலக்கியது. அது நன்றாகக் கேட்கட்டும் என்று பாட்டைக் கொஞ்சம் குறைத்தேன்.